டிக் ஜான்சன்: அந்தப் பாறையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

சுற்றுப்பாதை (பிரிஸ்பேன்)

போன சனிக்கிழமை காரை சர்வீஸுக்கு விடப் போயிருந்தேன். எங்கள் பகுதியில் ஒரு சின்ன ஷெட். முதலாளி, மெக்கானிக், கணக்குப்பிள்ளை எல்லாம் ஒரே ஆள். அவர் மேசைக்குப் பின்னால் ஒரு படம் வருஷக்கணக்காகத் தொங்குகிறது: நீல நிற ஃபோர்டு ஃபால்கன், கதவில் பெரிதாக 17. வெயில் பட்டுப் பட்டு நீலம் பாதி சாம்பலாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, "இது யாருடைய கார்?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆயில் மாற்ற அரை மணி நேரம், கதைக்கு ஒன்றரை மணி நேரம்.

கார் டிக் ஜான்சனுடையது. 1945-ல் பிரிஸ்பேனில் பிறந்தவர். 1964-ல் ஒரு பழைய ஹோல்டன் எஃப்ஜே காரை வைத்துக்கொண்டு லேக்சைடு பந்தயத்தளத்தில் ஓட்டத் தொடங்கினார். பதினைந்து வருஷம் குவீன்ஸ்லாந்துக்கு வெளியே பெரிதாக யாருக்கும் தெரியாது. 1980-ல் வீட்டை அடமானம் வைத்து, பால்மர் டியூப் மில்ஸ் என்ற இரும்புக்குழாய் நிறுவனத்தின் ஆதரவோடு ஒரு ஃபால்கனைத் தயார் செய்து பாதர்ஸ்ட் 1000 என்ற ஆயிரம் கிலோமீட்டர் மலைச்சாலைப் பந்தயத்துக்குக் கொண்டுபோனார். காரின் பெயர் 'ட்ரூ-ப்ளூ'. அதுவே அந்த நிறுவனம் விற்ற குழாயின் பெயரும்கூட.

பந்தயம் தொடங்கியதும் ஜான்சன் முன்னால் போய்விட்டார். ஃபோர்டின் போட்டிக் கம்பெனியான ஹோல்டனின் பீட்டர் பிராக் உட்பட எல்லோரும் பின்னால். இருபது சுற்றுகூட ஆகியிருக்காது. மலை ஏறும் வழியில் 'கட்டிங்' என்று ஒரு இடம் உண்டு. பாறையை வெட்டிப் போட்ட குறுகலான இடதுபக்கத் திருப்பம். திரும்பினால் ஒரு பக்கம் பழுதான காரை ஏற்றிக்கொண்டு மீட்பு லாரி நிற்கிறது. மறுபக்கம் சாலையில் கால்பந்து அளவு பாறை. லாரிமேல் மோத முடியாது. பாறைமேல் ஏறினார். முன்சக்கரம் போயிற்று, கார் சுவரில் மோதியது, அவ்வளவுதான்.

சேனல் செவன் அன்று நாள் முழுக்க நேரலை. காரை விட்டு இறங்கி வந்தவரிடம் மைக்கை நீட்டினார்கள். வீட்டையும் சேமிப்பையும் அந்தக் காரில் போட்ட மனிதர் கேமரா முன்னால் பேச முடியாமல் நின்றார். கொஞ்ச நேரத்தில் தொலைக்காட்சி நிலையத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிய ஆரம்பித்தன. யாரும் கேட்காமலே ஜனங்கள் பணம் தருகிறோம் என்றார்கள். மொத்தம் 72,000 டாலர் அளவுக்குச் சேர்ந்தது. ஹென்றி ஃபோர்டின் கொள்ளுப்பேரன் எட்செல் ஃபோர்டு அப்போது ஃபோர்டு ஆஸ்திரேலியாவில் பொறுப்பில் இருந்தார். ஜனங்கள் தரும் ஒவ்வொரு டாலருக்கும் கம்பெனி ஒரு டாலர் தரும் என்று சொல்லிவிட்டார். ஆக 1,44,000.

எங்கள் மெக்கானிக்குக்கு அப்போது 13 வயதாம். அப்பா, சித்தப்பா எல்லாம் தீவிர ஹோல்டன் ஆட்கள். இவர் வீடு வீடாகப் பேப்பர் போட்டுச் சேர்த்த காசில் ஐந்து டாலர் நோட்டு ஒன்றை உறையில் வைத்து அப்பாவுக்குத் தெரியாமல் அனுப்பியிருக்கிறார். "அடுத்த வருஷக் காரில் ஒரு நட்டாவது என்னுடையதுதான்" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

அடுத்த வருஷம், 1981-ல், அதே ஜான்சன் ஆஸ்திரேலிய டூரிங் கார் சாம்பியன். பாதர்ஸ்ட் வெற்றியும் அவருக்கே. இது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை, ஆனால் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்த இழை.


எஃப்ஒன்_வெறியன் (சென்னை)

கதை நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். ஒருவருக்கு விபத்து, அழுகை, நன்கொடை, மறுவருஷம் வெற்றி. இதை அனுதாப அலை என்று சொல்வோமா, பந்தயத் திறமை என்று சொல்வோமா? எண்ணிக்கையைப் பார்த்தால் பாதர்ஸ்ட்டில் பிராக் 9 முறை ஜெயித்தவர், ஜான்சன் 3 முறை. சாம்பியன் பட்டத்தில் ஜேமி விங்கப்புக்கு 7. அந்தப் பாறை அங்கே கிடக்காமல் இருந்திருந்தால் இந்த இழையே இருந்திருக்காது என்பது என் கருத்து. அடிக்க வராதீர்கள்.


தகர_டப்பா

அடிப்படைக் கேள்வி. நான் பைக் பந்தயம் பார்க்கிற ஆள். டூரிங் கார் என்றால் என்ன? டாக்ஸி மாதிரி கார்களை விட்டு ஓட்டுகிறார்களே, அதுவா?


ஐந்தாம்கியர்

தகர_டப்பா, ஏறக்குறைய அதுதான். ஷோரூமில் குடும்பத்துக்கு வாங்குகிற நாலு கதவு காரை எடுத்து, உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிப் போட்டு, உருண்டாலும் நசுங்காதபடி கம்பிக்கூண்டு வைத்து, எஞ்சினை விதி அனுமதிக்கிற மட்டும் முறுக்கேற்றி ஓட்டுவது. 'ஞாயிறு ஜெயித்தால் திங்கள் விற்பனை' என்பது கார் கம்பெனிகளின் கணக்கு. ஆஸ்திரேலியாவில் இது ஃபோர்டா ஹோல்டனா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து நின்ற விஷயம். நம் ஊர் எம்ஜிஆர்-சிவாஜி சண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா என்ன வண்டியோ பிள்ளையும் அதே. அதனால்தான் மேலே சொன்ன பையன் அப்பாவுக்குத் தெரியாமல் ஐந்து டாலர் அனுப்பியது லேசுப்பட்ட காரியம் இல்லை.

பாதர்ஸ்ட் பற்றியும் ஒரு வரி. சிட்னிக்கு மேற்கே சுமார் 200 கிலோமீட்டரில் உள்ள ஊர். மவுண்ட் பனோரமா பந்தயத்துக்காகக் கட்டிய தளம் இல்லை, பொதுச்சாலை. மற்ற நாளில் அதில் வீட்டுக்காரர்கள் போய்வருகிறார்கள், வேக வரம்பு 60. ஒரு சுற்று இப்போது 6.213 கிலோமீட்டர், மேலுக்கும் கீழுக்கும் உயர வித்தியாசம் 174 மீட்டர். இன்றைய கணக்கில் 161 சுற்று. 1987-ல் காண்ராட் நேர்சாலையில் 'சேஸ்' என்ற வளைவைச் சேர்ப்பதற்கு முன்னால் 163.

எஃப்ஒன் நண்பருக்கு: எண்ணிக்கை என்று வந்துவிட்டால் முழுசாகப் பார்ப்போம். டூரிங் கார் சாம்பியன் பட்டம் ஜான்சனுக்கு ஐந்து. 1981, 82, 84, 88, 89. பிராக்குக்கு மூன்றுதான். 1960-களில் இயன் கோகன் ஐந்து எடுத்திருந்தார், பிறகு மார்க் ஸ்கைஃபும் ஐந்து. 2014-ல் விங்கப் ஆறாவதை எடுக்கும்வரை இவர்களை யாரும் தாண்டவில்லை. அந்த ஐந்து எந்தெந்தக் காரில் வந்தன என்பதுதான் எனக்கு முக்கியம். சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.


எஃப்ஒன்_வெறியன் (சென்னை)

சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அதற்குள் இன்னொன்று: பாறையை யாரோ எறிந்தார்கள் என்று படித்தேன். ஹோல்டன் ரசிகன் சதியா?


சுற்றுப்பாதை (பிரிஸ்பேன்)

அதைக் கேட்டால் இங்கே இன்றைக்கும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். குடித்துவிட்டு மேலே உட்கார்ந்திருந்தவர்கள் காலில் பட்டு உருண்டது என்பது ஒரு கட்சி. வேண்டுமென்றே தள்ளினார்கள் என்பது இன்னொரு கட்சி. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் தீராத வழக்கு. எங்கள் மெக்கானிக் முதல் கட்சி. "சதி செய்கிற அளவுக்கு அன்றைக்கு அந்த மலையில் யாரும் தெளிவாக இல்லை" என்கிறார்.


ஐந்தாம்கியர்

வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

என் வாதம் இதுதான்: பாறைக் கதை ஜான்சனுக்கு நன்மை செய்ததைவிட அதிகமாக அவரை மறைத்துவிட்டது. ஊரார் கொடுத்த பணத்தில் ஒரு கார் கட்டி ஒரு வருஷம் ஜெயிப்பது அனுதாபம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 1981 சாம்பியன்ஷிப் கடைசிப் பந்தயத்துக்கு வந்து நின்றபோது ஜான்சனா பிராக்கா என்ற நிலை. இடம் லேக்சைடு, 1964-ல் அந்த எஃப்ஜேயை ஓட்டத் தொடங்கிய அதே தளம். பிராக் அவர் பின்பம்பரிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறார். கண்ணாடியில் எப்போது பார்த்தாலும் அதே ஹோல்டன் கொமோடோர். ஒரு சின்னத் தப்பு போதும், ஜான்சன் அந்தத் தப்பைச் செய்யவில்லை. அனுதாபம் உங்களுக்கு டயர் வாங்கித் தரும், பிரேக் போடும் இடத்தைச் சொல்லித் தராது.

82-ல் மறுபடி பட்டம். 83-ல் நடந்தது பெரிய கதை, வேறு யாராவது எழுதட்டும். 84-ல் மூன்றாவது பட்டம். இதுவரை எல்லாம் ஃபால்கன், 5.8 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்), முரட்டு வண்டி.

85-ல் விதி மாறியது. அதுவரை இருந்தது ஆஸ்திரேலியாவுக்கே உரிய குரூப் சி. இனி உலகம் முழுக்க ஓடுகிற குரூப் ஏ. அந்த விதியில் ஓட ஃபோர்டின் ஃபால்கன் கிடையாது. ஒரே நாளில் கையில் இருந்த கார், அனுபவம், உதிரிபாகம் எல்லாம் காயலான் கடைக்கு. வேறு ஆள் என்றால் கட்சி மாறியிருப்பார். ஜான்சன் ஜெர்மனியில் ஜக்ஸ்பீட் என்ற அணி கட்டிய ஃபோர்டு மஸ்டாங்கை வாங்கி வந்து ஓட்டினார். மூச்சுத் திணறுகிற எஞ்சின். அதை வைத்துக்கொண்டே 85-ல் இரண்டாம் இடம். ஜெயித்தவர் பிஎம்டபிள்யூ ஓட்டிய ஜிம் ரிச்சர்ட்ஸ்.

87-ல் ஃபோர்டு சியரா காஸ்வர்த் வந்தது. இங்கேதான் என் ஆள் நிஜமாக ஆரம்பிக்கிறார். 5.8 லிட்டர் எங்கே, 2 லிட்டர் எங்கே! நாலே சிலிண்டர், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்க ஒரு டர்போ. அந்த வருஷம் ஆகஸ்டில் ஆர்எஸ்500 என்ற திருத்தப் பதிப்பு அனுமதி பெற்றது. விதிக்காக 500 கார்தான் செய்தார்கள். அதில் ஒரு வேடிக்கை உண்டு. சாலையில் ஓடும் ஆர்எஸ்500-லேயே எஞ்சினில் நாலுக்குப் பதில் எட்டு எரிபொருள் இன்ஜெக்டர் இருக்கும். ஆனால் இரண்டாவது நாலும் வேலை செய்யாது, சும்மா அலங்காரம். பந்தயத்தில் அவற்றை இணைத்து டர்போ அழுத்தத்தை ஏற்றினால் சாலைக் காரின் 224 குதிரைத்திறன் 500-ஐத் தாண்டும். அதாவது கடையில் விற்பது உறை, உள்ளே இருப்பது கத்தி.

கத்திக்கு இரு பக்கமும் கூர். டர்போ அழுத்தம் எகிறினால் பிஸ்டன் உருகும், இல்லாவிட்டால் கியர்பாக்ஸோ பின் அச்சோ போகும். 87 பாதர்ஸ்ட்டில் ஜான்சனின் சியராக்கள் ஆரம்பத்திலேயே வெளியே. ஒரு பெரிய வி8-ஐ மிதித்தே பழகிய நாற்பது வயதுக்காரர், பட்டறையில் ஸ்பானர் பிடித்து வளர்ந்தவர், இந்த எலக்ட்ரானிக் பிசாசைப் படித்துத் தேர்ந்தார். 88-ல் ஜான்சன் முதலிடம், அதே அணியின் ஜான் போ இரண்டாமிடம். 89-ல் மறுபடி அதே வரிசை. 89 பாதர்ஸ்ட்டும் இருவருக்கும் சேர்த்தே.

இதையும் விடுங்கள். 1988-ல் பிரிஸ்பேனில் தயாரான சியராவைக் கப்பலேற்றி இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனுக்குக் கொண்டுபோனார்கள், டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்துக்கு. சியரா பிறந்த கண்டம், ஐரோப்பாவின் பெரிய ஃபோர்டு அணிகள் எல்லாம் அங்கே. பயிற்சிச் சுற்றில் முதலிடம் யாருக்கு? நம் ஆளுக்கு. பந்தயத்திலும் முன்னணியில் போனார். தண்ணீர் பம்ப் கைவிட்டுவிட்டது. அதனால் வெற்றிப் பட்டியலில் அது வராது, எஃப்ஒன் நண்பரின் எண்ணிக்கையிலும் வராது. ஆனால் மாமியார் வீட்டுக்கே போய்ச் சமைத்துக்காட்டிவிட்டு வந்த மாதிரி.


தகர_டப்பா

மாமியார் வீடு உவமை அருமை. 83-ல் என்ன ஆனது? யாராவது சொல்லுங்களேன்.


சுற்றுப்பாதை (பிரிஸ்பேன்)

இதை நான் சொல்கிறேன். மெக்கானிக் இதைச் சொல்லும்போது எழுந்து நின்று கையால் வண்டி ஓட்டிக் காட்டினார்.

பாதர்ஸ்ட்டில் ஞாயிறு பந்தயத்துக்கு முந்தைய நாள் முதல் பத்துப் பேர் ஒவ்வொருவராகத் தனியாக ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும், நேரத்தை வைத்து வரிசை. முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை, காரும் மலையும் மட்டும். 83-ல் ஜான்சனின் கார் பச்சை நிறம், பெயர் 'கிரீன்ஸ்-டஃப்'. அதுவும் பால்மரின் குழாய்ப் பெயர்தான். (வெவ்வேறு குழாய்க்கு வெவ்வேறு நிறம். ஆஸ்திரேலியாவில் இரும்புக்குழாயின் பெயர் குழந்தைகளுக்குக்கூட மனப்பாடமான காலம்.) மேலேயிருந்து இறங்கிவந்து 'ஃபாரஸ்ட்ஸ் எல்போ' என்ற கடைசி முழங்கை வளைவில் ஓரத்தில் லேசாக உரசினார். ஸ்டீயரிங் போய்விட்டது. கார் நேராக மரங்களுக்குள் புகுந்து, மரங்களை ஒடித்துக்கொண்டு போய் நின்றது. வெளியே எடுத்தபோது அது கார் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு மட்டும்தான் தெரியும். மனிதர் நடந்து வந்தார்.

சனி மாலை. மறுநாள் காலை பந்தயம். ஸ்பான்சர் ராஸ் பால்மர் அங்கேயே இன்னொரு தனியார் அணியின் ஃபால்கனைப் பேசி எடுத்தார். இரவெல்லாம் இந்தக் காரின் எஞ்சின், சாமான்களை அதில் மாற்றி, பச்சைப் பெயின்ட் அடித்து, 17 எழுதி, ஞாயிறு காலை வரிசையில் நிறுத்திவிட்டார்கள். பெயின்ட் காய்ந்ததா என்றுகூடத் தெரியாது. பந்தயத்தை அந்தக் கார் முடிக்கவில்லை, பாதியில் நின்றுவிட்டது. ஆனால் புறப்பட்டது. மெக்கானிக் சொல்கிறார், எண்பதைவிட இதுதான் அவருக்குப் பெரிது என்று. "எண்பதில் நாங்கள் பணம் அனுப்பினோம். இதில் அவர்கள் தூக்கத்தை அனுப்பினார்கள்."


எஃப்ஒன்_வெறியன் (சென்னை)

சரி, சில்வர்ஸ்டோன் விஷயம் எனக்குத் தெரியாது, அதற்கு ஒரு சலாம். ஆனாலும் ஒரு சந்தேகம். 1981 பாதர்ஸ்ட் பந்தயம் முழுதாக ஓடவே இல்லையே? 163 சுற்றில் 120-க்கு முடிவு அறிவித்ததாகப் பார்த்தேன். இதுவும் அதிர்ஷ்டக் கணக்கில்தானே?


ஐந்தாம்கியர்

மேலே மெக்ஃபிலமி பார்க் பக்கம் பல கார்கள் மோதிச் சாலையையே அடைத்துவிட்டன. சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினார்கள். மூன்றில் இரண்டு பங்கு தூரம் தாண்டியிருந்ததால் 120 சுற்றின் நிலவரப்படி முடிவு. ஜான்சனும் ஜான் ஃபிரெஞ்சும் அப்போது முன்னணியில்தான் இருந்தார்கள், யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை. ஆனால் மிச்சம் 43 சுற்று ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்த மலையில் 43 சுற்று என்பது ரொம்பத் தூரம்.


பனங்கொட்டை (சிட்னி)

தம்பிமார், சிவப்புக் கொடிக் கதை எண்டால் 92-ஐச் சொல்லாமல் விடக்கூடாது. நான் 87-ல் சிட்னிக்கு வந்தனான். ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. ஞாயிறு விடிய வீட்டுக்கு வந்து படுத்தால் பக்கத்து அறைக்காரன் ரீவியைப் பெரிதாகப் போட்டுவிட்டு பாதர்ஸ்ட் பார்ப்பான். நித்திரை கொள்ள ஏலாமல்தான் நானும் இந்த விளையாட்டுக்குள் விழுந்தேன்.

92-ல் நிசான் ஜிடிஆர், ஜிம் ரிச்சர்ட்ஸும் ஸ்கைஃபும். நாலு சக்கரமும் இழுக்கிற ராட்சசன், பெயரே 'கொட்சிலா'. ஃபோர்டு சனத்துக்கும் ஹோல்டன் சனத்துக்கும் அதைக் கண்ணில் காட்டேலாது. ஜான்சனும் போவும் அதே பழைய சியராவில். அடுத்த வருஷம் விதி மாறி டர்போவுக்கே இடமில்லை, ஆகவே சியராவுக்கு அது கடைசி பாதர்ஸ்ட்.

அண்டைக்கு மழை எண்டால் அப்படி ஒரு மழை. பந்தயம் முடியும் தறுவாயில் ஒரேயடியாகக் கொட்டியது. மலையில் இருந்து கார்கள் வழுக்கி வழுக்கி ஒன்றின்மேல் ஒன்று. முன்னால் போன ரிச்சர்ட்ஸின் ஜிடிஆரும் அடிபட்டு, சறுக்கிக்கொண்டு போய் ஏற்கெனவே நொறுங்கிக் கிடந்த கார்களோடு சேர்ந்து நின்றது. சிவப்புக் கொடி. சியரா இன்னும் ஓடிக்கொண்டிருக்குது. நாங்கள் எல்லாம் ஜான்சன் வென்றுவிட்டார் எண்டுதான் நினைத்தோம். பக்கத்து அறைக்காரன் கட்டிலில் ஏறிக் குதித்தான். ஆனால் விதிப்படி முடிவை முந்தின சுற்றுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேணும். அப்படிப் பார்த்தால் நிசான் முதல். நொறுங்கிப்போன கார் வெற்றி, ஓடுகிற கார் இரண்டாமிடம்.

மேடையில் சனம் கூவிக் கத்தினதும், அமைதியான மனிசனான ரிச்சர்ட்ஸ் கோபத்தில் நேரலையிலேயே சனத்தைத் திட்டினதும் எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதவர்களுக்கு ஒன்று: அண்டைக்கு அதே பந்தயத்தில், 1967-ல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியனான டென்னி ஹல்ம் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்து இறந்துபோனார். காரை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத்தான் போனார். ரிச்சர்ட்ஸுக்கு அவர் நண்பர், இரண்டு பேரும் நியூசிலாந்துக்காரர். அந்தக் கோபத்துக்குள் அந்தத் துக்கமும் இருந்தது.

ஆகவே எஃப்ஒன் தம்பி, 81-ல் சிவப்புக் கொடி ஜான்சனுக்குக் குடுத்ததை 92-ல் திருப்பி எடுத்துப்போட்டுது. கணக்குச் சரி.


எஃப்ஒன்_வெறியன் (சென்னை)

அண்ணா, ஹல்ம் இறந்தது பாதர்ஸ்ட்டில் என்று தெரியும். ஆனால் அதே பந்தயம்தான் இது என்று இப்போதுதான் தெரிகிறது. கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. பின்வாங்குகிறேன்.


மட்டுறுத்துநர்

இடையே வந்த ஃபோர்டு-ஹோல்டன் விலைச் சண்டை வேறு இழைக்கு மாற்றப்பட்டுள்ளது. இங்கே ஜான்சன் மட்டும். நன்றி.


தகர_டப்பா

நான் யூடியூபில் இரண்டு நாளாக இதே வேலை. காருக்குள் கேமரா வைத்து ஜான்சன் ஓட்டிக்கொண்டே வர்ணனையாளர்களோடு பேசுகிறாரே! காண்ராட் நேர்சாலையில் 250-க்கு மேல் போய்க்கொண்டே ஜோக் அடிக்கிறார். நான் ஸ்கூட்டியில் 40-ல் போகும்போது அம்மா ஃபோன் பண்ணினால் பதில் சொல்ல முடியாது.


ஐந்தாம்கியர்

அது 'ரேஸ்கேம்'. சேனல் செவன் 1979 பாதர்ஸ்ட்டில் முதலில் ஒரு டொயோட்டா செலிக்காவில் வைத்துக் காட்டியது. பிறகு ஜான்சன் அதற்கே ராஜா ஆகிவிட்டார். முகத்தில் சிரிப்பே இருக்காது, குரல் சமமாக இருக்கும், நக்கல் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவர் ஓட்டுநர் மட்டும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிற பெரியப்பா.

94-ஐயும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு வயது 49. மறுபடி ஜான் போவோடு, இப்போது வி8 ஃபால்கனில். பந்தயக் கடைசியில் ஓட்டியது போ. எதிரே ஹோல்டனில் இருபது வயதுப் பையன் கிரெய்க் லவுண்ட்ஸ், வெளிப்பக்கமாகப் போவையே முந்திவிட்டான். நாடே வாயைப் பிளந்தது. போ பதறாமல் திரும்ப முந்தி வெற்றியை முடித்தார். ஜான்சனுக்கு மூன்றாவது பாதர்ஸ்ட். பையன் பின்னாளில் என்ன ஆனான் என்பது தனி இழைக்கு.

நடுவில் அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்கள் சிலவற்றிலும் ஓட்டிப் பார்த்தார். அங்கே சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. 1999-ல் மகன் ஸ்டீவனோடு சேர்ந்து ஓட்டி பாதர்ஸ்ட்டிலிருந்து ஓய்வு.


பனங்கொட்டை (சிட்னி)

ஓட்டத்தை விட்ட பிறகுதான் அந்த மனிசன் உண்மையான கஷ்டத்தைப் பார்த்தது. அணியை நடத்துறது ஓட்டுறதைவிடக் கடினம். 2010-ல் ஜேம்ஸ் கோர்ட்னி அணிக்குச் சாம்பியன் பட்டம் எடுத்துக் குடுத்தார். அப்படியிருந்தும் அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருஷத்தில் அணியே மூடப்படும் நிலை. பட்டம் கடன்காரனுக்குத் தெரியாது. 2014-ல் அமெரிக்காவின் பென்ஸ்கி பந்தய அணி வந்து 51 வீதம் வாங்கினார்கள். பெயர் டிஜேஆர் (டிக் ஜான்சன் ரேஸிங்) டீம் பென்ஸ்கி. பெரும்பான்மை போனது, பெயரில் முன்னால் டிஜேஆர் இருந்தது.


சுற்றுப்பாதை (பிரிஸ்பேன்)

அதன் பிறகு ஸ்காட் மெக்லாக்லின் 2018, 19, 20 மூன்று வருஷமும் சாம்பியன். 2019-ல் அவரும் அலெக்ஸ் பிரெமாவும் பாதர்ஸ்ட் ஜெயித்தார்கள். அணிக்கு 94-க்குப் பிறகு 25 வருஷம் கழித்து வந்த பாதர்ஸ்ட். காரின் எண் அதே 17. 2020 முடிவில் பென்ஸ்கி விலகிப்போய், அணி மறுபடி டிக் ஜான்சன் ரேஸிங் ஆனது.

ஐந்தாம்கியர் சொன்னதில் எனக்கு ஒரு திருத்தம் உண்டு. பாறை அவரை மறைத்தது என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 83-ல் இரவெல்லாம் கார் கட்டியது, 85-ல் தோற்கிற மஸ்டாங்கை ஓட்டியது, நொடித்த அணியை விற்றாவது ஓடவிட்டது எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது. ஊர் கொடுத்த பணத்தைத் திருப்பித் தர வழி கிடையாது. யாரிடம் தருவது, ஐந்து டாலர் அனுப்பிய பையனின் முகவரிக்கா? அதனால் வருஷா வருஷம் காரை வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் அப்படி நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. பணம் அனுப்பியவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள், ஷெட்டில் பார்த்தேன்.


ஐந்தாம்கியர்

இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனாலும் சியராதான்.


சுற்றுப்பாதை (பிரிஸ்பேன்)

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு சிட்னி போனவன் வழியை மாற்றி பாதர்ஸ்ட்டுக்குள் விட்டேன். பிரிஸ்பேனிலிருந்து கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர், பந்தயத்தின் தூரமும் அதேதான் என்று வீட்டில் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

மவுண்ட் பனோரமாவில் 60-க்கு மேல் போகவில்லை. தொலைக்காட்சியில் தட்டையாகத் தெரிகிற இடமெல்லாம் நேரில் மாடிப்படி மாதிரி இருக்கிறது. மனைவிக்கு எஸ்ஸெஸ் வளைவுகளில் தலை சுற்றியது. எதிரே ஒரு அம்மா நாயைக் கூட்டிக்கொண்டு நடந்து வந்தார். கட்டிங்கில் ஓரமாக நிறுத்தி இறங்கினேன். இரண்டு பக்கமும் சுவர். ஒரு லாரி நின்றால் மிச்சம் எவ்வளவு இடம் என்று கண்ணால் அளந்து பார்த்தேன். என் ஏழு வயது மகள் கீழே கிடந்த கற்களை ஒவ்வொன்றாகக் காட்டி "இதுவா அப்பா? இதுவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஒரு சின்னக் கல்லைப் பையில் போட்டுக்கொண்டாள்.

நேற்று ஷெட்டுக்குப் போய் மெக்கானிக்கிடம் ஃபோனில் படங்களைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டிங் படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார், நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"கார் மூக்கு கீழே பார்க்கிறது. நீ சுற்றைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறாய்" என்றார். "பந்தயம் இந்தப் பக்கம் ஏறும். மறுபடி போய்விட்டு வா."